ஒட்டகம் எடுத்த வெற்றிலை

இனிமேல் நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் நான் குடிக்கிற டீயில் பல்லி விழட்டும், அது விழுந்த சங்கதி நான் கடைசி மடக்கை விழுங்கிய பிறகே எனக்குத் தெரியட்டும்; என் பல்செட்டு பந்தியில் கழன்று பக்கத்து இலைப் பாயாசத்தில் விழட்டும், அந்த இலைக்காரன் அதை முந்திரிப்பருப்பு என்று நினைத்துக் கடிக்கட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் என்னிடம் இல்லை. இருபது ஊர்ச் சனம் கண்ணால் பார்த்தது, மூக்கால் மோந்தது, முன்வரிசையில் இருந்தவர்கள் மேல் தெறிக்கவும் செய்தது. அன்றைக்கு அவர்கள் போட்டிருந்த சட்டையை இன்றைக்குத் துவைத்துக் காயப்போட்டாலும் ஈ வந்து உட்காருகிறது.

உப்போடைப்பட்டிச் செண்பகவல்லிக்கு ஒரே பெண்பிள்ளை. மூன்று வயது முடியப்போகிறது, இன்னும் காது குத்தவில்லை. காது குத்தவேண்டுமென்றால் பிள்ளையை உட்காரவைக்கத் தாய்மாமன் மடி வேண்டும். மாமன் இருந்தான், அவனுக்கு மடியும் இருந்தது, ஆனால் மாமனும் அம்மாவும் பேசி நாலு வருசம் ஆகியிருந்தது.

அவள் அண்ணன் பெயர் சங்கரலிங்கம். தோப்பூரணியில் பினாயில் காய்ச்சி விற்கிறவன். சுற்றுவட்டாரத்தில் எந்த ஆஸ்பத்திரி, எந்தச் சினிமாக் கொட்டகை, எந்தப் பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் மணத்தாலும் அது அவன் கைங்கரியம். அப்பேர்ப்பட்டவன், பெற்ற தகப்பன் படுக்கையில் விழுந்து முதுகெல்லாம் புண் வைத்துச் சலம் ஒழுகியபோது, கட்டிலோடு தூக்கி மாட்டுக்கொட்டத்தில் போட்டுவிட்டு, கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு வாசல்படியிலேயே நின்று, 'நாறுது' என்று ஒரே ஒரு வார்த்தையை மட்டும் மூன்று மாதமும் சொல்லிக்கொண்டிருந்தான். செண்பகவல்லிதான் புருசன் வீட்டிலிருந்து போய்க் கிடந்து, பீயும் மூத்திரமும் அள்ளி, புண்ணில் புழுவை ஒவ்வொன்றாகக் குச்சியால் எடுத்து, அய்யாவைக் கழுவிக் கழுவிக் கடைசியில் வழியனுப்பினாள். சுடுகாட்டுக்குப் பாடையைத் தூக்கும்போது ஊர் கூடி நிற்க அண்ணனைப் பார்த்து அவள் சொன்னது இதுதான்: "அண்ணே, மண்ணெண்ணெய் நாறும். பினாயில ஊத்தியே எரிச்சிரு."

அன்றைக்கு அறுந்தது உறவு.

அது அப்படியே அறுந்து கிடந்திருக்கும். ஆனால் வீட்டில் பூரணம் இருந்தாளே. செண்பகவல்லியின் புருசன் குருவையாவுக்கு அக்கா. தாலி அறுத்துத் தம்பி வீட்டோடு வந்தவள். சாப்பிடும்போதுதான் எல்லாவற்றையும் பேசுவாள், பேசும்போது வாயிலிருந்து பருக்கை பறக்கும். "மாமன் மடி காணாத புள்ளைக்கு நாளைக்குச் சடங்குக்கு எவன் ஓலைக்குச்சில் கட்டுவான், கல்யாணத்துக்கு எவன் மாலை எடுத்துக் குடுப்பான்? எங்க வீட்டுப் புள்ள என்ன அநாதையாவா வளரணும்?" என்று அவள் ஒருநாள் கேட்டபோது, ஒரு பருக்கை பறந்து வந்து செண்பகவல்லியின் கன்னத்தில் ஒட்டியது. அவள் அதைத் துடைத்தாள். கேள்வியைத் துடைக்க முடியவில்லை. ஒரு வாரம் தூங்காமல் கிடந்து, அண்ணன்மேல் இருந்த அருவருப்பையெல்லாம் விளக்கெண்ணெய் குடிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கி, "சரி, அண்ணனுக்குப் பத்திரிகை வைப்போம்" என்றாள்.

அதற்குள் குருவையா நூற்று நாற்பது வீட்டுக்குப் பத்திரிகை வைத்திருந்தான். அவன் ஆம்னி வேன் வைத்து ஓட்டுகிறவன், வாயில்லாப்பூச்சி. ஒவ்வொரு வீட்டிலும் தட்டை நீட்டி, கும்பிட்டு, "கண்டிப்பா குடும்பத்தோட வந்து சிறப்பிச்சுக் குடுக்கணும்" என்று சொல்லிச் சொல்லி, அந்த வாரத்தில் கண்ணாடியைப் பார்த்தாலும், கடன்காரனைப் பார்த்தாலும், தூக்கத்தில் புரண்டு படுத்தாலும் அதையே சொல்கிற நிலைக்கு வந்துவிட்டான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை கெட்டது இந்த இடத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாலுபேரும் வேனில் கிளம்பினார்கள். மாமன் தட்டு மற்றத் தட்டு மாதிரி இல்லை. பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஒரு சீப்புப் பழம், மல்லிகைப் பந்து, குங்குமம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. அதன்மேல் 'தாய்மாமன்' என்று கொட்டை எழுத்து. வீட்டிலிருந்து எடுத்த தட்டை மாமன் கையில் கொடுக்கிறவரை கீழே வைக்கக்கூடாது. அதனால் செண்பகவல்லி பட்டுச்சேலையின் மடியில் அதை வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள்.

நாலுவழிச் சாலையில் பாதி தூரம் போனதும் அந்தப் போர்டு வந்தது. வண்டியிலிருந்து இறங்காமலே வெளிநாட்டு மிருகங்களைப் பார்க்கலாம், கையால் தீனி கொடுக்கலாம் என்று ஒட்டகச்சிவிங்கி படம் போட்டிருந்தது. உள்ளே ஒட்டகச்சிவிங்கி கிடையாது. அது முன்னால் ஈமு கோழிப் பண்ணையாக இருந்து கவிழ்ந்துபோன நிலம். கலைந்துபோன சர்க்கஸ்காரர்களிடம் வாங்கின மிருகங்களை முள்கம்பிக்குள் விட்டு, நடுவே வளைந்து வளைந்து தார்ரோடு போட்டிருந்தார்கள். பிள்ளை போர்டைப் பார்த்துக் கத்த, பூரணம் "அதையுந்தான் என்னன்னு பாத்துட்டுப் போவமே" என்று சொல்ல, குருவையா வண்டியைத் திருப்பினான்.

கேட்டில் கேரட் பொட்டலம் விற்கிற பொம்பளை, "கண்ணாடிய இறக்காதீங்க, இறக்கிட்டு எங்களச் சொல்லாதீங்க" என்றாள். ஆம்னி வேனின் பக்கக் கண்ணாடி போன தீபாவளிக்கு உடைந்தது, இறக்குவதற்கு ஒன்றுமில்லை.

உள்ளே போனதும் முதலில் வந்தது நாற்றம். மூத்திரமும் அழுகிய கேரட்டும் வெயிலில் வெந்து, அதோடு முன்னால் நின்ற முப்பது கார்களில் இருந்து வந்த பிரியாணி ஏப்பமும் சேர்ந்து, முகத்தில் ஈரச்சாக்கைப் போட்டு அமுக்குகிற மாதிரி ஒரு நாற்றம். வரிக்குதிரைக்கு வயசாகிக் கோடுகள் சாயம்போய், வயிற்றுப் பக்கம் வெறும் கழுதையாகத் தெரிந்தது. நெருப்புக்கோழிகள் இறகு உதிர்ந்து, வேகவைக்க ரோமம் பொசுக்கிய கோழி மாதிரி தொடையைக் காட்டிக்கொண்டு நின்றன. ஆனால் பார்க்கச் சகிக்காதது அவையில்லை, பார்க்க வந்த சனம். ஒருத்தன் வெற்றிலைச் சாற்றை வரிக்குதிரையின் காலடியில் துப்பிவிட்டு அது மோந்து பார்ப்பதை வீடியோ எடுத்தான். ஒருத்தி பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டுத் துடைத்த துணியை நெருப்புக்கோழிக்கு நீட்டினாள். அது அதையும் விழுங்கியது. துணி கழுத்து வழியாக ஒரு கட்டியாக இறங்குவதைக் காரில் இருந்தவர்கள் கைதட்டிப் பார்த்தார்கள். செண்பகவல்லி முந்தானையால் மூக்கைப் பொத்தப் பார்த்தாள். இரண்டு கையிலும் தட்டு.

அப்போதுதான் ஒட்டகம் ஜன்னலுக்குள் தலையை விட்டது.

கிழ ஒட்டகம். பல்லெல்லாம் புகையிலைக் காவி. கீழுதடு பழைய செருப்பின் அடித்தோல் மாதிரி தொங்கியது, அதிலிருந்து பச்சை நுரை நூல்நூலாக இறங்கியது. அவசரமே இல்லாமல் முதலில் மல்லிகைப் பந்தைத் தின்றது. பிறகு பழச்சீப்பைத் தோலோடு தின்றது. பிறகு அந்த நாலு மூலை மஞ்சள் பத்திரிகையை நாக்கால் சுருட்டி வாய்க்குள் இழுத்தது. கடைசியாக, பந்தி முடித்த பெரியமனிதர் செய்கிற மாதிரியே, ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து, அதற்குமேல் வெற்றிலையை எடுத்து, கண்ணைப் பாதி மூடி மென்றது. எச்சில் செண்பகவல்லியின் முழங்கை வழியாக மடியில் வடிந்து தேங்கியது.

குருவையா திரும்பிப் பார்த்தான். தட்டு தெரிந்தது, தட்டில் எடுத்த வாய் தெரிந்தது. கை தானாகக் கூப்பியது. "கண்டிப்பா குடும்பத்தோட வந்து சிறப்பிச்சுக் குடுக்கணும்" என்றான்.

ஒட்டகம் மென்றபடியே மூன்றுதரம் தலையாட்டிவிட்டுத் தலையை வெளியே எடுத்தது.

பூரணம்தான் முதலில் பேசினாள். "முடிஞ்சு போச்சு. வெத்தல எடுத்தவுகதான் மாமன்."

"மதினி, அது மிருகம்."

"எடுத்துச்சா இல்லையா? உம் புருசன் கூப்பிட்டான்ல, அது சம்மதிச்சு தலையாட்டுச்சுல்ல?"

"உங்க தம்பி" என்றாள் செண்பகவல்லி.

"எந்தம்பிதான். கிறுக்கன். கிறுக்கன் குடுத்தாலும் வெத்தல வெத்தலதான்."

விடவில்லை செண்பகவல்லி. வழியில் ஒரு கடையில் வேறு வெற்றிலை, வேறு பழம், பையில் மிச்சமிருந்த ஒரு பத்திரிகை. எல்லாம் வைத்து, சேலையைத் தண்ணீரால் துடைத்து, தோப்பூரணிக்குப் போய் அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள். சங்கரலிங்கம் வெளியே வந்தான். நாலு வருசத்துக்குப் பிறகு பார்த்த தங்கச்சி முகத்தைப் பார்க்கவில்லை. சேலையில் காய்ந்திருந்த பச்சைக் கறையைப் பார்த்தான். பையிலிருந்து கர்ச்சீப் வந்தது.

"என்ன நாத்தம் இது?"

வேனிலிருந்து இறங்கிய பிள்ளை முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. "மாமா, ஒட்டகம் ஒங்க பத்திரிக்கையத் தின்னுருச்சு. பழத்தையும் தின்னுருச்சு. இது வேற."

சங்கரலிங்கம் தட்டைத் தொடவில்லை. "அப்ப இது ஒட்டகத்துக்கு வச்சது போக மிச்சமா? மாட்டுக்கொட்டத்துக்காரின்னு காட்டிட்டயில்ல. எச்சித் தட்ட எடுத்துக்கிட்டு என் வாசல்ல வந்து நிக்கிற" என்றான். அவர்கள் வேனில் ஏறுகிறவரைகூடப் பொறுக்காமல், அவள் நின்ற இடத்தில் ஒரு பாட்டில் பினாயிலைக் கவிழ்த்துத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தான். அந்த வெள்ளைத் தண்ணீர் ஓடி வந்து அவள் கால்விரலைத் தொட்டது.

இனி ஊர்க்கதை. உப்போடைப்பட்டிக்கு விசயம் அன்றைக்கு இரவே வந்துவிட்டது, பூரணம் வழியாக. ஒட்டகம் மாமனாகலாமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வெற்றிலை எடுத்தபிறகு அதில் கேட்க என்ன இருக்கிறது? கேட்டதெல்லாம் வேறு. பந்தல்காரர் சுடலைமுத்து வந்து, "மாமன் எத்தன அடி இருப்பாக? கால ஒசத்திப் போடணும்ல" என்று கேட்டு, பந்தலை ஐந்தடி உயர்த்தினார். சமையல்காரர், மாமன் வீட்டார் சைவமா அசைவமா, தனிப்பந்தி போடவேண்டுமா என்று விசாரித்தார். கோவில் பூசாரி, குடும்பத்தோடு வருவார்கள் என்றால் வரிக்குதிரை பங்காளி முறையா சம்பந்தி முறையா, யாருக்கு முதல் திருநீறு என்று கவலைப்பட்டார். ஃப்ளெக்ஸ் கடைக்காரன் தாய்மாமன் போட்டோ கேட்டபோது குருவையா செல்போனில் இருந்த படத்தைக் கொடுத்தான். கடைக்காரன் எல்லா மாமனுக்கும் செய்கிற மாதிரியே கறுப்புக் கண்ணாடி மாட்டி, பின்னால் சிங்கம் உறுமவிட்டு, 'பாசமிகு தாய்மாமன்' என்று எழுதி பஸ் நிறுத்தத்தில் பன்னிரண்டடிக்கு நிறுத்திவிட்டான். அந்தக் கண்ணாடியில் ஒட்டகம் எங்கள் வட்டச் செயலாளரைவிட லட்சணமாக இருந்தது என்று சொன்னவர்கள் உண்டு. செண்பகவல்லி மூன்றுநாள் புருசனுக்குச் சோறு போட்டாளே தவிர முகத்தைக் காட்டவில்லை. உள்ளுக்குள் அவளுக்கு ஒரே ஒரு நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது: அண்ணன் வரமாட்டானா, கோபத்தோடாவது வரமாட்டானா, பிள்ளைக்கு மனுசன் மடி ஒன்று கிடைக்காதா.

காதுகுத்து குலசாமி கோவிலில். காலை பத்து மணி வெயில், கிடாய் வெட்டு முடிந்து ரத்தத்தின் மேல் மண் போட்டிருக்கிறது, அண்டாவில் குடல் கொதிக்கிறது, நானூறு சனம் வேர்வையில் ஊறிக்கொண்டிருக்கிறது. அப்போது கண்மாய்க் கரையில் தூசி கிளம்பியது. மாமன் வீட்டார் வந்துவிட்டார்கள்.

முன்னால் ஒட்டகம். பின்னால் இரண்டு வரிக்குதிரை. அதற்குப் பின்னால் ஒன்பது நெருப்புக்கோழி வரிசையாக, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு ஈமு முட்டை ஓட்டில் சீர்: பேரீச்சம்பழம், கேரட், வேலிக்கருவைக் காய், பாதி கடித்த ஆப்பிள், நாலைந்து பிஸ்கட் பாக்கெட், ஒரு குழந்தையின் தொப்பி. மேளக்காரர்கள் மாமனுக்கு அடிக்கிற அடியை அடித்தார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை, ஆனால் எல்லாருக்கும் குறை இருந்தது. சீரில் வாழைத்தார் இல்லையே என்று ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். பத்து மணிக்கு வரச்சொன்னால் பத்தேகாலுக்கா வருவது என்றார் ஒருவர். பூரணம் தட்டுகளை எண்ணி, "ஒத்தப்படையாத்தான் கொண்டாந்திருக்காக, முறை தெரிஞ்சவுக" என்று நற்சான்று கொடுத்தாள். வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற பெண்ணிடமிருந்து ஒட்டகம் சொம்போடு பன்னீரைக் குடித்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தை நக்கிச் சுத்தமாக்கிவிட்டு, மாமனுக்குப் போட்டிருந்த ஜமுக்காளத்தில் முன்கால் மடித்து, பின்கால் மடித்து, பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. அந்த மூச்சில் முன்வரிசை முழுக்க நனைந்தது. முறைக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து, "வாங்க மச்சான், பயணமெல்லாம் சௌரியமா?" என்று கேட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

முதல் பந்தியை என் எதிரிக்குக்கூடக் காட்டமாட்டேன். நெருப்புக்கோழிகள் உளுந்தவடையை முழுசாக விழுங்க, ஒன்பது கழுத்திலும் ஒன்பது வடை மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வரிக்குதிரை ரசத்தை உறிஞ்சித் தும்மியது. எதிர்வரிசையில் எங்கள் ஆட்கள் குடலை உருவி, எலும்பை உறிஞ்சி, பல்லிடுக்கில் குச்சி விட்டு நோண்டி எடுத்ததை மோந்து பார்த்துவிட்டு மறுபடி தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு நெருப்புக்கோழி எதிர்வரிசையைப் பார்த்தபடியே தன் இலையை மூடிவிட்டு எழுந்துபோனது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

காது குத்தும் ஆசாரி ஊசியை எடுத்துவைத்த நேரம் சங்கரலிங்கம் காரில் வந்து இறங்கினான். ஃப்ளெக்ஸ் படம் அவன் செல்லுக்குப் போயிருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மூக்கில் கர்ச்சீப், கையில் நகைக்கடை டப்பா.

"என் இடத்துல யார உக்கார வச்சிருக்கீக?" என்றான். "நாளைக்கு நான் தோப்பூரணியில தலகாட்ட முடியுமா? ஒட்டகம் என்னவிட ஒசத்தியா?"

பூரணம் சொன்னாள்: "அவுக நேரத்துக்கு வந்தாக, முறையா வந்தாக. நீங்க கூப்பிடப் போனவள வாசலோட கழுவி விட்டீக."

"பேசாதீக. தாய்மாமன்னா தோடு போடணும். தோடு எங்க? அது என்ன கொண்டாந்திருக்கு?"

ஒட்டகம் கேட்டுக்கொண்டிருந்தது. வாயை ஒருபக்கமாகக் கோணி, தொண்டையில் ஏதோ புரட்டி, இரண்டுதரம் குமட்டி, ஆசாரியின் தட்டில் ஒரு கை பச்சைக்கூழைக் கக்கியது. ஆசாரி ஊசி நுனியால் அதைக் கிளறினார். உள்ளே ஒரு சோடி தங்கத் தோடு, கல் வைத்தது. பூங்காவுக்கு வந்த எந்தப் புண்ணியவதியின் காதில் இருந்ததோ. அதை யாரும் கேட்கவில்லை. எந்த மாமனின் தோடு எங்கிருந்து வந்தது என்று எந்தக் காதுகுத்தில் கேட்டிருக்கிறார்கள்?

சனம் முழுக்கச் செண்பகவல்லியைப் பார்த்தது. ஒருபக்கம் வெல்வெட் டப்பா, ஒருபக்கம் கூழ். அவளுக்கு இரண்டும் குமட்டியது. ஆனால் பிள்ளை நாளைக்குப் பெரியவளாகும், கல்யாணமாகும், பேச வாயுள்ள மாமன் ஒருத்தன் வேண்டும் என்று நினைத்து, கடைசித்தரமாக விழுங்கினாள். ஒட்டகத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "அண்ணே, நீயே உக்காரு" என்று சங்கரலிங்கத்திடம் சொன்னாள்.

ஒட்டகம் கோபித்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு முழம் நகர்ந்து இடம் விட்டது.

சங்கரலிங்கம் உட்காருவதற்கு முன்னால் துண்டு கேட்டான். கொடுத்ததை மோந்து பார்த்துவிட்டுப் புதுத்துண்டு கேட்டான். புதுத்துண்டை நாலாக மடித்து மடியில் போட்டு, அதற்குமேல் பாலிதீன் தாள் ஒன்றைப் போட்டு, "இப்பக் குடுங்க" என்றான். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளையை வைத்தார்கள். அவன் அதைப் பிடித்த பிடி, பிறர் வீட்டுச் சாணிக்கூடையைப் பிடிக்கிற பிடி. ஆசாரி வலதுகாதில் குத்தினார். வெல்வெட் டப்பாத் தோடு ஏறியது. பிள்ளை மூச்சடைக்க வீறிட்டு, காலையிலிருந்து தின்ற பொங்கல், ஜிலேபி, கேரட் எல்லாவற்றையும் மாமன் நெஞ்சில் கக்கியது, கீழேயும் நனைத்தது.

சங்கரலிங்கம் எழுந்துவிட்டான். யோசித்து எழவில்லை, தேள் கொட்டினவன் எழுகிற மாதிரி எழுந்தான். மடியில் பிள்ளை இருந்தது அவன் எழுந்த பிறகுதான் அவனுக்கே ஞாபகம் வந்தது.

பிள்ளை உருண்டு விழுந்தது ஒட்டகத்தின் மடக்கிய முன்கால்களுக்கு நடுவே. ஒட்டகம் அசையவில்லை. கழுத்தை வளைத்து அணை கட்டினாற்போல வைத்துக்கொண்டு, மிச்ச வாந்தியையும் வாங்கிக்கொண்டு, அந்தத் தொங்கின உதட்டால் பிள்ளையின் மொட்டைத்தலையை ஒரு நக்கு நக்கியது. பிள்ளைக்கு அழுகை நின்று விக்கல் வந்தது. ஆசாரி வேலை தெரிந்தவர், நல்ல நேரம் போய்விடும் என்று அங்கேயே குனிந்து, கூழில் இருந்த தோட்டைத் தன் வேட்டியில் துடைத்து, இடதுகாதைக் குத்தி முடித்தார். மேளம் அடித்தது. பூரணம் குலவை போட்டாள், நிறையப் பருக்கையோடு.

சங்கரலிங்கம் கோவில் அடிபம்பில் நின்று சட்டையைக் கழுவிக்கொண்டிருந்தான். சோப்பைப் போட்டுப் போட்டுத் தேய்த்தான். செண்பகவல்லி பின்னால் போய் நின்று, பம்பை அடித்துத் தண்ணீர் விட்டாள்.

"நாத்தம் போகலயே" என்றான் அவன், சட்டையைப் பார்த்துக்கொண்டே.

"போகாதுண்ணே" என்றாள் அவள். "அய்யாவ மூணு மாசம் கழுவுன கை இது. இதுல இருந்து இன்னும் போகல. நான் இதோடதான் சோறு பெசையுதேன், இதோடதான் புள்ளைக்கு ஊட்டுதேன்."

அவன் நிமிர்ந்தான். பிறகு ஈரச்சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெற்று மேலோடு நடந்துபோய்க் காரில் ஏறி, நாலு கண்ணாடியையும் ஏற்றினான். கார் கண்மாய்க் கரையைத் தாண்டுகிறவரை அவள் பம்பை அடித்துக்கொண்டே நின்றாள். தண்ணீர் சும்மா ஓடியது. அடிவயிற்றில் நாலு வருசமாகக் குமட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டதா, இல்லை இடம் மாறிவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பந்தலுக்குத் திரும்பியபோது ஒட்டகம் கிளம்ப எழுந்து நின்றது. வரிக்குதிரைகளும் கோழிகளும் கரையேறிவிட்டன. மாமனுக்கு இன்னும் இலை போடவில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. செண்பகவல்லி ஓடிப்போய் முன்னால் மறித்தாள்.

"அண்ணே, கை நனைக்காமப் போகக்கூடாது" என்றாள்.

அது குனிந்து அவளைப் பார்த்தது. அவள் ஒரு கும்பா சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, உருண்டை பிடித்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். காவிப்பல்லும் பச்சை நுரையும் தோல் உதடும் அவள் கையை மணிக்கட்டு வரைக்கும் வாய்க்குள் வாங்கிக்கொண்டன. வெதுவெதுப்பாக, வழவழப்பாக, புண்ணுக்குள் விரலை விட்ட மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த பொம்பளைகள் இரண்டுபேர் எழுந்து வெளியே போய்க் கக்கிவிட்டு வந்தார்கள். எச்சில் அவள் முழங்கையைத் தாண்டி ரவிக்கைக்குள் இறங்கியது. அவள் அடுத்த உருண்டையைப் பிடித்தாள். கும்பா காலியாகிறவரை ஊட்டினாள், கையைத் துடைக்கவே இல்லை.

இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், காலும் கையும் வைத்துச் சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. யார் சொன்னது என்று மட்டும் வாய்விட்டுவிடாதீர்கள். பூரணம் காதுக்குப் போனால் வீடு தேடி வந்து எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டபடியே கேட்பாள், நான் சோறு தின்ன முடியாது. டீக்கடைப் பெஞ்சில் ஒரு கிழவர் சொன்னார் என்றுகூடச் சொல்லாதீர்கள். அந்தப் பெஞ்சில் கிழவன் என்று இருப்பது நான் ஒருத்தன்தான்.